கோலாலம்பூரில் கிறிஸ்துமஸ்: ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை கைமீறிப் போய்விட்டது, பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லை. காரணம் எதுவாக இருந்தாலும் சரி, இந்த டிசம்பரில் நீங்கள் கோலாலம்பூரில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். நெல்லை, தூத்துக்குடி, நாகர்கோவில், திருச்சி, சென்னை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தாலும், எந்தச் சபையாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் 25ஆம் தேதி என்ற ஒரே நாளை எப்படிக் கழிப்பது என்றுதான் யோசிக்கிறார்கள். ஊரில் நமக்கு அது ஒரு மாத வேலை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், நட்சத்திரம் கட்ட வேண்டும், மாவு திரிக்க வேண்டும், தையல்காரரைத் துரத்திப் பிடிக்க வேண்டும், ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் போய்விட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். உண்மையில் 25ஆம் தேதி மத்தியானம் பிரியாணி சாப்பிட்டதும் வீடே படுத்துத் தூங்கிவிடும். ஆக, இங்கே நமக்கு விட்டுப்போவது அந்த ஒரு மாத வேலைதான். கைக்கு வேலை வந்துவிட்டால் 25ஆம் தேதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியிருக்காது. அதனால்தான் இந்த வழிகாட்டி நவம்பரில் தொடங்குகிறது.

படி 1. நவம்பர்: லீவைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்

மலேசியாவில் டிசம்பர் 25 நாடு முழுவதும் பொது விடுமுறை. 24, 26 இரண்டும் சாதாரண வேலை நாள்கள். ஊரில் பள்ளிக்கூட அரையாண்டு லீவோடு சேர்ந்து வரும் அந்த நீண்ட விடுமுறையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். 24ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல் அரை நாளாவது லீவு சொல்லி வையுங்கள். அன்று மாலை கோலாலம்பூர் சாலைகள் அசையாது.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு வருடத்துக்கு 11 பொது விடுமுறைகள். அதில் ஐந்துதான் கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறையும் அரசு அறிவித்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, வருடம் பிறப்பதற்கு முன்பே வேலையிடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் அந்த ஆறில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரிய அலுவலகங்களில் பிரச்சினை வராது. உணவகம், கடை, தொழிற்சாலை என்று வேலை பார்ப்பவர்கள் அந்த அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பட்டியலில் இருக்கும் விடுமுறையில் வேலைக்குக் கூப்பிட்டால், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை உள்ளவர்களுக்கு வழக்கமான விடுமுறைச் சம்பளத்தோடு கூடுதலாக இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். அதைச் சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

நீங்கள் போக முடியாவிட்டால் வீட்டார் இங்கே வரலாமே என்று யோசித்துப் பார்த்தீர்களா? இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வந்து போகும் சலுகையை மலேசியா 2023 டிசம்பர் 1இல் கொண்டுவந்தது. பிறகு 2026 கடைசிவரை நீட்டித்தார்கள். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். அப்பா அம்மா வருவதாக இருந்தால், இங்கே வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை நீங்களே இங்கிருந்து நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி என்று வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் எடுக்கும் முன் சலுகை நடப்பில் இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2. கோவிலைத் தேடிப் பிடியுங்கள், அதுவும் திருவருகைக்காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம்) தொடங்கும் முன்பே

இதுதான் மொத்தத்திலும் முக்கியமான படி. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போனால் நீங்கள் கூட்டத்தில் ஒருவர். நவம்பர் கடைசி ஞாயிறே போய் உட்கார்ந்துவிட்டால், டிசம்பர் இரண்டாவது வாரத்தில் யாராவது ஒரு ஆன்ட்டி, "நீங்க சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டிருப்பார்.

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குக் கோலாலம்பூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. புடு பக்கம் ஜாலான் ராபர்ட்சனில் இருக்கும் புனித அந்தோணியார் கோவில் நூறாண்டுக்கு மேலாகத் தமிழர்களின் கோவிலாகவே பெயர் எடுத்தது. பிரிக்பீல்ட்ஸில் பாத்திமா மாதா கோவில். செந்தூலில் புனித சூசையப்பர் கோவில். ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த தமிழர்கள் குடியேறிய வட்டாரம் அது. கிள்ளானில் இருந்தால் லூர்து மாதா கோவில். பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜார்ஜ் டவுன் பினாங்கு ரோட்டில் புனித சவேரியார் கோவில் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியக் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது அது. புக்கிட் நானாஸில் இருக்கும் புனித அருளப்பர் பேராலயம் பார்க்க அழகுதான், ஆனால் தமிழில் பாட வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் முதலில் புடுவுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ போங்கள்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள் இங்கே வந்ததும் குழம்புவார்கள், ஏனென்றால் அந்தப் பெயரில் தேடினால் கண்ணில் படுவது குறைவு. குழப்பமே வேண்டாம். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. இங்கே அவை தனித்தனியாகவே இருக்கின்றன. ஆகவே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் இரண்டில் எதற்குப் போனாலும் உங்களுக்கு அந்நியமாக இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்கு ஆங்கிலிக்கன் ஆராதனை முறை சட்டென்று பழகிவிடும். மெதடிஸ்ட் சபைக்கு இங்கே தமிழுக்கென்றே தனி மாநாட்டு அமைப்பு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து எட்டிவிடும் தூரம். லூத்தரன்கள் அதே வட்டாரத்தில் சீயோன் ஆலயத்துக்குப் போகலாம். தரங்கம்பாடி மிஷனின் வழிவந்த தமிழர்கள் வளர்த்த சபை அது. ஊரில் "ஐயர்" என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் இங்கே "பாஸ்டர்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஐயர் என்றால் கோயில் குருக்களைத் தேடுகிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

பல கோவில்களில் ஒரே நாளில் தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் என்று பல மொழிகளில் பூசையோ ஆராதனையோ நடக்கும். நேரம் வருடத்துக்கு வருடம் மாறும். டிசம்பர் பிறந்ததும் வாசலில் கொடுக்கும் தாளையோ கோவிலின் ஃபேஸ்புக் பக்கத்தையோ பாருங்கள். பழைய பதிவைப் பார்த்துவிட்டுப் போய் நின்றால் சீனப் பூசையில் போய் உட்கார வேண்டிவரும். அதுவும் மோசமில்லை, மெட்டு தெரிந்ததாகவே இருக்கும்.

கொஞ்சம் வெளிப்படையாகப் பேசவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும் ஊரிலிருந்து வேலைக்கு வந்த நமக்கும் நடுவே ஒரு தயக்கம் உண்டு. முதல் சில வாரங்கள் யாரும் பேசாமல்கூடப் போகலாம். தோட்டத்திலும் ரயில்வேயிலும் உழைத்து, காசு சேர்த்து, இந்தக் கோவில்களைத் தாங்கி நிறுத்திய குடும்பங்கள் அவை. புதிதாக வந்தவர் "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்று ஆரம்பித்தால் கேட்க யாருக்கும் பிடிக்காது. இந்தத் தயக்கத்தை உடைக்க நான் பார்த்தவரை ஒரே வழிதான்: பேச்சைக் குறைத்து வேலையைக் கேட்பது. பாடகர் குழுவுக்கு ஆண் குரல் எப்போதுமே தட்டுப்பாடு. குடில் கட்ட ஆள் வேண்டும். பூசை முடிந்ததும் நாற்காலி அடுக்க ஆள் வேண்டும். மேளமோ கீபோர்டோ வாசிக்கத் தெரிந்தால் சொல்லவே வேண்டாம், உங்களை விடமாட்டார்கள்.

படி 3. கேரல் ரவுண்ட்ஸில் சேருங்கள்

ஊரைப் போலத் தெருத்தெருவாக நடந்து போகிற வேலை இங்கே குறைவு. வீடுகள் தூரம் தூரமாக இருக்கின்றன. வேனிலும் காரிலும் போவார்கள். எந்த வீட்டுக்கு எப்போது என்று முன்பே பெயர் கொடுத்து வாங்கிவிடுவார்கள். காண்டோ எனும் அடுக்குமாடி வீடு என்றால் வாசல் காவலர் அறையில் பெயரும் வண்டி எண்ணும் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் தாத்தாவே ஆனாலும் உள்ளே விடமாட்டார்கள். சில நிர்வாகங்களில் பாட்டுச் சத்தத்துக்கும் நேரக்கட்டுப்பாடு உண்டு.

குழுவோடு போவதில் இன்னொரு லாபம், ஒரே வாரத்தில் ஏழெட்டு வீட்டு வாசலைப் பார்த்துவிடுவீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது தின்னக் கொடுப்பார்கள். எந்த வீட்டில் மனதுக்கு ஒட்டுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டும் மழை இங்கே சாதாரணம். குடையும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். கிழக்குக் கரையில் கிளந்தான், திரெங்கானு பக்கம் அது பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதம், வெள்ளமும் வரும். ஆகவே லீவு கிடைத்ததென்று அந்தப் பக்கத் தீவுகளுக்குத் திட்டம் போடாதீர்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலேயே ஷா ஆலாம் வட்டாரம் முங்கிப்போனது நினைவிருக்கும்.

நீங்கள் வாடகைக்கு இருக்கும் அறைக்கும் கேரல் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் வெட்கப்படாமல் பெயர் கொடுங்கள். நாலு பேர் நிற்க இடம் இருந்தால் போதும், மீதிப் பேர் தாழ்வாரத்தில் நின்று பாடுவார்கள்.

படி 4. பலகாரம்

இதைத் தனியாகச் செய்ய நினைக்காதீர்கள். கோலாலம்பூரில் அறை வாடகைக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும், பாதி விளம்பரங்களில் "லைட் குக்கிங்" என்று போட்டிருக்கும். மேகி மீ போடலாம், முட்டை பொரிக்கலாம். இரண்டு லிட்டர் எண்ணெய் காயவைத்து முறுக்குச் சுட்டால் வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். ஆகையால் அடுப்படி உள்ள ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள். மாவு, எண்ணெய், தேங்காய் எல்லாம் நீங்கள் வாங்கிப் போங்கள், சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து உட்கார்ந்தால் ராத்திரிக்குள் மூன்று வகை முடியும். செலவு உங்களுடையது, அடுப்பு அவர்களுடையது. இந்த ஏற்பாட்டை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

எதைச் செய்யலாம்? அச்சுமுறுக்கு முதலில். இங்கே எல்லாச் சமூகத்தாரும் இதைச் செய்கிறார்கள், மலாயில் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்வார்கள். அதனால் அச்சு வாங்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பாத்திரக் கடைகளிலும் கேக் சாமான் கடைகளிலும் கிடைக்கும். புது அச்சை ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிடுங்கள், இல்லாவிட்டால் மாவு அச்சை விட்டு இறங்காது. சுடும்போது அச்சு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும், மேல் விளிம்பு மூழ்கினால் கழற்ற முடியாது.

நாகர்கோவில்காரர்கள் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிறுபயறு, தேங்காய், எள், ஏலக்காய் எல்லாம் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் உண்டு. நல்ல கருப்பட்டி கிடைக்காவிட்டால் குலா மெலாக்கா போடுங்கள். அது தென்னம்பாளையில் இறக்கும் பதநீரில் எடுப்பது, வாசனை சற்று வேறு, ஆனால் வெல்லத்தைவிட நெருங்கி வரும். ஈரம் அதிகம் உள்ள கட்டியாக இருந்தால் பாகைக் கொஞ்சம் கூடுதல் நேரம் காய்ச்சுங்கள், உருண்டை உடையாமல் நிற்கும். மலாய்க்காரர்களின் குவே கஸ்தூரியும் இதே சிறுபயறை மாவில் தோய்த்துப் பொரிப்பதுதான். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்குக் கொடுத்தால் அவர் புதிதாக எதையும் சாப்பிடுவதாக நினைக்கமாட்டார்.

சாதா முறுக்கை வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துச் சுடும் அக்காமார்கள் பலர் கிறிஸ்துமஸுக்கும் சுடுகிறார்கள். அதில் போய் நேரத்தைச் செலவிடத் தேவையில்லை.

கேக்குக்கு வருவோம். பிளம் கேக் செய்ய அவன் வேண்டும், உலர்பழம் ஊற வேண்டும், ரம் வேண்டுமானால் மலேசிய மதுவரியைத் தாங்கும் மனமும் வேண்டும். ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரம் ஊறப் போடுவதே போதும் என்பது என் கட்சி. ரம் இல்லாத கேக்கை அலுவலகத்துக்கும் தைரியமாகக் கொண்டு போகலாம். செய்ய வசதியில்லாதவர்கள் சூஜி கேக்கைத் தேடிப் பாருங்கள். ரவையும் பாதாமும் வெண்ணெயும் சேர்த்துச் செய்வது, இங்குள்ள யுரேஷியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் கேக். நம் நாக்குக்கு ரவை புதுசா என்ன?

படி 5. நட்சத்திரமும் குடிலும்

மடக்கு நட்சத்திரம் ஊரிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், பெட்டியில் இடமே பிடிக்காது. சீரியல் லைட்டை மட்டும் இங்கேயே வாங்குங்கள். மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இங்கே சதுரக் கால் மூன்று பின் பிளக். மலிவான அடாப்டரில் ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டுவிட்டுத் தூங்குவது சரியில்லை. மிஸ்டர் டிஐஒய் மாதிரிக் கடைகளில் விளக்கு, தோரணம், சின்ன மரம் எல்லாம் கைக்கு அடங்கும் விலையில் கிடைக்கும். காண்டோவில் பால்கனிக்கு வெளியே தொங்கவிடும் முன் நிர்வாகத்தைக் கேளுங்கள். சன்னலுக்கு உள்பக்கமாகக் கட்டினால் யாரையும் கேட்க வேண்டாம், கீழேயிருந்தும் தெரியும்.

குடிலுக்கு வைக்கோல்தான் பிரச்சினை. செல்லப்பிராணிக் கடையில் முயலுக்கு விற்கும் காய்ந்த புல்லை வாங்கிவாருங்கள், அச்சு அசலாக இருக்கும். ஷூ பெட்டி ஒன்று, பழைய பழுப்புக் காகிதம் கசக்கி மலை. கேப்பை முளைக்கவைத்துப் புல்வெளி போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், 15ஆம் தேதிவாக்கில் ஊறப் போடுங்கள். இந்த ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் முளைத்துவிடும். குழந்தை இயேசுவை 24 ராத்திரி வரைக்கும் எடுத்து வைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

படி 6. ஊருக்கு என்ன அனுப்புவது, எப்படி அனுப்புவது

பார்சல் அனுப்பாதீர்கள். 2019 டிசம்பரில் இந்திய அரசு விதியை மாற்றியதிலிருந்து, வெளிநாட்டிலிருந்து தபாலிலோ கூரியரிலோ வரும் அன்பளிப்புக்குச் சலுகை கிடையாது. உயிர்காக்கும் மருந்து, ராக்கி போன்றவற்றைத் தவிர மற்றதுக்கு முழுத் தீர்வை கட்ட வேண்டும். நீங்கள் ஆசையாக அனுப்பிய சாக்லேட் டப்பாவுக்கு அம்மா பணம் கட்டி வாங்கும்படி ஆகும். அதைவிட, ஊரிலேயே இருக்கும் துணிக்கடைக்கும் பேக்கரிக்கும் இங்கிருந்து பணம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வது எளிது. தூத்துக்குடி என்றால் மக்ரூனுக்கும் சொல்லிவிடலாம். யாராவது ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவது இன்னும் மேல், அவருடைய எடைக் கணக்கைக் கேட்டுவிட்டு.

பணம் அனுப்புவதை 20ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். 25 இரண்டு நாட்டிலும் வங்கி விடுமுறை. வார இறுதி ஒட்டிவந்தால் துணி எடுக்கவேண்டிய காசு 27ஆம் தேதி போய்ச் சேரும். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாக மட்டும் அனுப்புங்கள். "எங்கிட்ட குடு, ஊர்ல எங்காளு குடுத்துருவான்" என்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம்.

ஊரிலிருந்து உங்களுக்கு வரும் பலகாரம் பிரச்சினையில்லை. இறைச்சி, செடி, விதை ஆகியவற்றை அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் உப்புக்கண்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

படி 7. போன்: எப்போது, எப்படி

நாம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே நள்ளிரவுப் பூசை தொடங்கும்போது அங்கே மணி ஒன்பதரை, அடுப்படியில் எல்லோரும் வேலையாக இருப்பார்கள். ஊர்க் கோவிலில் நள்ளிரவுப் பூசைக்கு மணி அடிக்கும்போது இங்கே இரண்டரை. விடியற்காலை நாலரை மணி ஆராதனை நடக்கும் சிஎஸ்ஐ ஊர்க்காரர்களுக்குக் கணக்கு சுலபம். இங்கே காலை ஏழு மணி, காபி போட்டுக்கொண்டு நேரலையில் பார்க்கலாம்.

25ஆம் தேதி போன் பேசுவது பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எல்லோரையும் ஒரே வீடியோ காலில் வரிசையாக நிறுத்தி, "சாப்பிட்டாச்சா, டிரெஸ் நல்லாருக்கு" என்று பத்து நிமிடம் பேசிவிட்டு வைத்தால், வைத்தபிறகு வரும் அமைதி கொடுமையாக இருக்கும். 23 அல்லது 24ஆம் தேதி, அவர்கள் பலகாரம் சுடும் நேரத்தில் கூப்பிடுங்கள். போனை அடுப்படித் திண்ணையில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் பக்கம் துணி மடிப்பதோ வெங்காயம் உரிப்பதோ செய்யுங்கள். பேச்சு வந்தால் பேசலாம், வராவிட்டால் சட்டுவச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டிக்கு மட்டும் தனியாக, வேறு நேரத்தில் கூப்பிடுங்கள். கூட்டத்தில் அவருக்குக் காது கேட்காது, கேட்டதாகத் தலையாட்டுவார்.

25 காலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்ப்பதை மத்தியானம்வரை தள்ளிப்போடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படி 8. 24ஆம் தேதி ராத்திரி

முதலில் போக்குவரத்து. எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்கள் எல்லாம் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். நள்ளிரவுப் பூசை முடிந்து கைகுலுக்கி வெளியே வர ஒன்றரை ஆகும். அந்த நேரத்தில் கிராப் டாக்சி விலை ஏறிக்கிடக்கும், பக்கத்து வட்டாரத்து நண்பர்களோடு சேர்ந்து போங்கள். அல்லது மாலைப் பூசைக்குப் போய்விடுங்கள், எந்தக் குறையும் இல்லை. உட்கார இடம் வேண்டுமானால் முக்கால் மணி நேரம் முன்பே போக வேண்டும்.

பெவிலியன், கேஎல்சிசி, மிட் வேலி என்று மால்களில் பெரிய மரம் வைத்து அலங்கரித்திருப்பார்கள், நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை போய்ப் பார்க்கலாம், ஆனால் 24 ராத்திரி புக்கிட் பிந்தாங் பக்கம் புதுச் சட்டையோடு போக வேண்டாம். நுரை ஸ்பிரே அடிக்கும் கூட்டத்தில் மாட்டினால் அப்படியே கோவிலுக்குப் போக முடியாது.

படி 9. 25: வீட்டைத் திறந்து வையுங்கள்

யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதைவிட நீங்களே கூப்பிடலாம். மலேசியாவில் இதற்கு நல்ல வழக்கம் இருக்கிறது: திறந்த இல்ல உபசரிப்பு. ரூமா தெர்புகா என்று மலாயில் சொல்வதும் இதுதான். பெருநாளானாலும் சீனப் புத்தாண்டானாலும் தீபாவளியானாலும், குறிப்பிட்ட நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். "25ஆம் தேதி 12லிருந்து 4 மணிவரை" என்று அலுவலகக் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும். அறையில் இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் செய்யலாம். காண்டோவின் கீழ்த்தளக் கூடத்தைச் சின்னக் கட்டணத்தில் வாடகைக்கு விடும் இடங்களும் உண்டு. ஆனால் டிசம்பர் தொடக்கத்திலேயே பதிய வேண்டும்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். முஸ்லிம் நண்பர்கள் வருவார்களானால் ஹலால் கடையில் ஆர்டர் கொடுத்து வரவழைப்பதும், காகிதத் தட்டு வைப்பதும் அவர்கள் சங்கடமில்லாமல் சாப்பிட வழி செய்யும். பன்றி இறைச்சியும் மதுவும் அன்று அந்த வீட்டில் வேண்டாம். இந்து நண்பர்களுக்காக மாட்டிறைச்சியைத் தவிர்க்கலாம், சைவம் ஒன்றிரண்டு தனியாக வையுங்கள். சீன நண்பர்களிலும் சைவம் சாப்பிடுகிறவர்கள் உண்டு, அதில் சிலர் பூண்டு வெங்காயமும் சேர்க்கமாட்டார்கள். கோழிப் பிரட்டல், பிரியாணி, பருப்பு, ஒரு காய், கேக், முறுக்கு. இதற்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள். காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் உங்களுக்காக மட்டும் செய்துகொள்ளுங்கள். உள்ளூர் ஆட்டுக்கறி விலை கூடுதல், மூன்று நாள் முன்பே சௌ கிட் சந்தையில் சொல்லி வைத்தால் நல்ல துண்டு கிடைக்கும்.

பிள்ளைகள் வந்தால் சின்ன உறையில் கொஞ்சம் ரிங்கிட் வைத்துக் கொடுங்கள். அங்பாவ் வழக்கம் சீனர்களிடமிருந்து எல்லோர் வீட்டுக்கும் பரவிவிட்டது. பிள்ளைகள் அதை எதிர்பார்ப்பார்கள், சொல்லாவிட்டாலும்.

வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு: 24 மாலைப் பூசையோ 26 இரவு உணவோ உங்கள் கிறிஸ்துமஸ் ஆகட்டும். உணவகத்தில் வேலை செய்கிற நண்பரின் ஷிஃப்ட் பதினொரு மணிக்கு முடியுமானால், ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டுத் தூங்காமல் இருங்கள்.

படி 10. மனசு தாங்காவிட்டால்

வீட்டில் ஒரு சாவு நடந்த வருடம், கல்யாணம் முறிந்த வருடம், வேலை போய்விட்ட வருடம். அப்படிப்பட்ட டிசம்பரில் மேலே சொன்ன எதையும் செய்ய உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். செய்யாமலே விடலாம். கோவிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் வந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், உயிர்மேல் வெறுப்பு வரும் அளவுக்கு ஆனால் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கூப்பிடலாம். பெயர் சொல்லத் தேவையில்லை, காசும் இல்லை.

படி 11. 26க்குப் பிறகு

ஒரு நாள் லீவு மிச்சமிருந்தால் மலாக்காவுக்குப் போய்வாருங்கள். டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். போர்த்துகீசியக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு விளக்கு போட்டிருப்பார்கள், பார்க்கக் கூட்டம் அலைமோதும். கிறிஸ்துமஸில் மிஞ்சிய இறைச்சியைப் போட்டு, கடுகும் வினிகரும் மிளகாயும் தூக்கலாக அவர்கள் வைக்கும் டெவல் கறியை அங்கேயே சாப்பிடுங்கள். நம் வீட்டு மறுநாள் குழம்புக்கு அது நல்ல போட்டி.

இரவல் வாங்கிய அச்சையும் பாத்திரத்தையும் வருடக் கடைசிக்குள் திருப்பிக் கொடுங்கள், உள்ளே ஏதாவது போட்டு. நட்சத்திரத்தை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்வரை விட்டுவைக்கலாம்.

31ஆம் தேதி ராத்திரி ஆண்டிறுதி ஆராதனை பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் உண்டு. வாக்குத்தத்த அட்டை எடுப்பதும் உண்டு. அன்று ரயில்களை வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடவிடுவார்கள். எதுவரை என்று ரேபிட் கேஎல் முந்தைய நாள்களில் அறிவிக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.